ரெண்டு கோலன்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நீங்கள் தயாரித்த பயிற்சிப் பாடம் வந்து சேர்ந்தது. படித்தேன். லிஸ்ப் பேக்கேஜ் என்ற பக்கத்தில் நம் ஊர்க் கோட்டையின் படத்தைப் போட்டு, மதில், அகழி, காவல் என்று அம்புக்குறி எல்லாம் வைத்திருக்கிறீர்கள். முதலில் அந்தப் படத்தை எடுங்கள். செஞ்சியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம் என்பதற்காக எதற்கெடுத்தாலும் கோட்டையா? கோட்டைக்குக் கதவு உண்டு, பூட்டு உண்டு, சாயங்காலம் ஆனால் வாட்ச்மேன் விசில் அடித்து எல்லோரையும் கீழே இறக்கிவிடுவார். லிஸ்ப் பேக்கேஜுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. கிடையாது என்பதைத்தான் முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் மேடம், படிக்கிறவர்களுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று கேட்டிருந்தீர்கள். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். நான் ஓய்வு பெற்றவள், இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. வேலையில் இருந்தபோதும் பெரிதாகப் பயந்ததில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் பத்மாவதி. சென்னையில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவள். திருவண்ணாமலை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் நம் கம்பெனி ஆரம்பித்தபோது சேர்ந்தேன். கீழே கடைக்கு வருகிறவர்கள் மாடிப்படியைப் பார்த்து, மேலே ஜெராக்ஸ் எடுப்பீர்களா என்று கேட்பார்கள். சென்னை நண்பர்கள் வேறு மாதிரி கேட்டார்கள். செஞ்சியிலா, அதுவும் லிஸ்ப்பில் புரோகிராம் எழுதவா, அது செத்துப்போன கம்ப்யூட்டர் மொழியாயிற்றே என்றார்கள். செத்துப்போன மொழியில்தான் சோறு தின்றேன், வீடு கட்டினேன், தங்கை பெண்ணைப் படிக்க வைத்தேன். அவர்கள் பிழைத்த மொழிகளில் பாதி இன்றைக்கு எங்கே என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது பேக்கேஜுக்கு வருகிறேன். பேக்கேஜ் என்றால் புரோகிராமில் நாம் வைக்கிற பெயர்கள் குடியிருக்கிற வீடு, அவ்வளவுதான். வெளியாட்கள் தாராளமாகக் கூப்பிடலாம் என்று நாம் சில பெயர்களை அறிவிக்கிறோம். அதற்கு எக்ஸ்போர்ட் என்று பேர். பேக்கேஜின் பெயரை எழுதி, ஒரு கோலன், அதாவது : என்ற குறி, வைத்து, எக்ஸ்போர்ட் செய்த பெயரை எழுதினால் அது வந்துவிடும். மற்றப் பெயர்கள் உள்வீட்டுச் சமாசாரம். ஒரு கோலன் வைத்து அவற்றைக் கேட்டால் லிஸ்ப் மாட்டேன் என்று சொல்லிவிடும். ஆனால் ரெண்டு கோலன் வைத்துக் கேட்டால் கொடுத்துவிடும். யார் நீ, எதற்கு என்று கேட்காது. எச்சரிக்கைகூட வராது. எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம், நாசமும் செய்யலாம்.

அதனால் நம் ஆபீசில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அடுத்தவர் பேக்கேஜுக்குள் இருக்கிற ஒரு பெயர் வேண்டுமானால், அந்த பேக்கேஜை எழுதியவரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் அந்தப் பெயரை எக்ஸ்போர்ட் செய்யலாம், அதற்கென்று பத்திரமாக ஒரு ஃபங்ஷன், அதாவது அந்த வேலையைச் செய்கிற புரோகிராம் துண்டு, எழுதித் தரலாம், முடியாது என்றும் சொல்லலாம். வெள்ளிக்கிழமை தோறும் மற்றவர்கள் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். நாங்கள் இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பம், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்த நேரத்தில் நான் எல்லாக் கோப்புகளிலும் ரெண்டு கோலன் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். அதற்கு மேடம் பூஜை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பூஜையில் அகப்படாத ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

வல்லத்துக்குப் பக்கத்தில் விவசாயிகள் சிலர் சேர்ந்து விதைக் குழு ஒன்று வைத்திருந்தார்கள். விதை மல்லாட்டை. வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். ஆடியில் விதைத்தது ஐப்பசியில் அறுவடைக்கு வரும், அதையே விதையாக வைத்திருந்து கார்த்திகை, மார்கழியில் மறுபடி விதைப்பார்கள். ஐப்பசியில் பிடுங்கிய காயை எங்கே காய வைப்பது? மழை விட்டால்தானே. அதற்காகக் குழு ஒரு கொட்டகை போட்டு, சூடான காற்றில் உலர்த்துகிற தொட்டிகளை வாங்கி வைத்திருந்தது. இரண்டு தொட்டி விதைக்கு. மீதி இரண்டை ஒரு எண்ணெய் மில்காரர் வாடகைக்கு எடுத்திருந்தார். அவர் காயும் மல்லாட்டைதான், ஆனால் செக்குக்குப் போகிற காய்.

நாலு தொட்டிக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர், அதில் நாங்கள் எழுதிய லிஸ்ப் புரோகிராம். உலர்த்தி என்ற பேக்கேஜ் நான் எழுதியது. தொடங்கு, நிறுத்து, வெப்பம் காட்டு என்று சில பெயர்களை எக்ஸ்போர்ட் செய்திருந்தேன். உச்சவரம்பு என்ற பெயரைச் செய்யவில்லை. காற்றின் சூடு உச்சவரம்பைத் தொட்டால் அடுப்பிலிருந்து காற்று வரும் கதவு தானாக மூடிக்கொள்ளும், அப்படி மூடிய நேரத்தையும் குறித்து வைக்கும். அந்த எண் விதைக்கு ஏற்றது. நாலு தொட்டிக்கும் அதே எண்தான். செக்குக்குப் போகிற காய் இன்னும் கூடுதல் சூட்டைத் தாங்கும். விதை தாங்காது.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். விதைக்கு உயிர் இருக்கிறது. சூடு ஒரு அளவுக்கு மேல் போனால் உள்ளே முளை செத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடு அதே நிறம், பருப்பு அதே பளபளப்பு. மண்ணில் போட்டு, நாள் கடந்து, பக்கத்துக் கொல்லையில் பச்சை தெரியும்போதுதான் நம்முடையது செத்தது என்று தெரியும். அப்போது விதைக்கிற பட்டமும் போயிருக்கும், உழுத கூலியும் போயிருக்கும்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. என் நைனாவுக்குப் புதுச்சேரியில் கண் ஆபரேஷன். நான் ஒரு வாரத்துக்கு மேல் லீவு. வல்லம் வேலையைப் பாஸ்கர் பார்த்துக்கொண்டான். பாஸ்கர் தளவானூர்ப் பையன், கைவேகம் உள்ளவன், எங்கள் ஆபீசில் என்னைவிட நன்றாக லிஸ்ப் எழுதியவன் அவன் ஒருவன்தான். இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

எண்ணெய் மில்காரருடைய லாரிகள் மழையில் நனைந்த காயுடன் வரிசையாக நின்றிருக்கின்றன. சீக்கிரம் காய வேண்டும், சூட்டைக் கூட்டு என்று அவர் பாஸ்கரின் தலைமாட்டில் நின்றிருக்கிறார். முதலாளியும் போனில், பெரிய பார்ட்டி, ஏதாவது பண்ணு என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அவ்வளவுதான். பாஸ்கர் எனக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டிருக்கிறான். லிஸ்ப்பில் உள்ள வசதி உங்களுக்கே தெரியும். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை நிறுத்தாமல் உள்ளே போய் எதையும் மாற்றலாம். அவன் உள்ளே போனான், உலர்த்தி என்று எழுதினான், ரெண்டு கோலன் போட்டான், உச்சவரம்பை ஏற்றிவிட்டு வந்துவிட்டான். எந்தக் கோப்பிலும் எழுதவில்லை. என் வெள்ளிக்கிழமைத் தேடலில் எப்படி அகப்படும்?

ஒரு தடவை கரண்ட் போய் வந்திருந்தால் புரோகிராம் புதிதாகத் தொடங்கி, பழைய எண்ணே வந்திருக்கும். செஞ்சிப் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போகாத நாள் உண்டா? ஆனால் குழுவின் தலைவி அந்த வருடம்தான் சண்டை போட்டு நல்ல யூபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். புரோகிராம் கண் சிமிட்டாமல் ஓடியது.

நான் திரும்பி வந்த பிறகு, விதைத் தொட்டியின் ஒயரை எலி கடித்துவிட்டது என்று வல்லத்திலிருந்து போன் வந்தது. பாஸ்கரின் பைக்கில் ஏறிப் போனேன். ஒயரை மாற்றிவிட்டு, எல்லா எண்களையும் ஒரு பார்வை பார்த்தேன். உச்சவரம்பைக் கேட்டபோது திரையில் வந்த எண்ணைப் பார்த்து, நான்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி கேட்டேன். அதே எண் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பாஸ்கரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

எண்ணெய்த் தொட்டிக்கு மட்டும் என்று நினைத்துத்தான் ஏற்றியதாகச் சொன்னான். லாரி போனதும் இறக்கிவிடலாம் என்று இருந்தானாம், அதற்குள் ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். நாலு தொட்டியும் பார்ப்பது அந்த ஒரே பெயரைத்தான் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் மறந்துவிட்டான்.

எவ்வளவு சூடு போனது என்று குறிப்பில் தேடினேன். ஒன்றும் இல்லை. வரம்பைத் தொட்டால்தான் குறிக்கும், ஏற்றிவிட்ட வரம்பை எதுவும் தொடவில்லை. அடுப்புக்காரர்களும் மழை அவசரத்தில் காய்த் தோலை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். விதைத் தொட்டிக்குள் என்ன நடந்தது என்று சொல்ல உலகத்தில் ஒரு ஜீவன் கிடையாது. கொட்டகை மூலையில் அந்த நாட்களில் காய்ந்த விதை மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. மறுநாள் காலையில் வல்லத்துக்கும் அனந்தபுரத்துக்கும் வண்டி ஏற வேண்டிய மூட்டைகள். மழை விட்டிருந்தது, மண் சரியான பதத்தில் இருந்தது, எல்லோரும் உழுது போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

நான் முதலில் செய்தது விதைத் தொட்டிகளை நிறுத்தியது. எக்ஸ்போர்ட் செய்த நிறுத்து என்ற பெயரைக் கூப்பிட்டு, ஒரு கோலன் போட்டு, வாசல் வழியாகவே நிறுத்தினேன். உச்சவரம்பைத் தொடவில்லை. பாஸ்கர் கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனான், தட்டிவிட்டேன். பிறகு முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் அரைமணி நேரத்தில் காரில் வந்துவிட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். துபாயில் சம்பாதித்ததை எல்லாம் இந்த ஊரில் கொண்டுவந்து கொட்டியவர். சம்பளத்தை ஒரு நாள் தாமதித்ததில்லை. ஆனால் பயந்துபோனால் மனிதன் என்ன பேசுவான் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அமைதியாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு கோலன் போட்டு பழைய நம்பரை வெச்சிடுங்க மேடம். அதோட முடிஞ்சிது."

மூட்டைகளை என்ன செய்வது என்று கேட்டேன்.

"அது செத்துப்போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அப்புறம் எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும் என்று கேட்டார். உயிரோடு இருந்தால் நாம் வீணாகப் பேரைக் கெடுத்துக்கொண்டோம், செத்திருந்தால் மழை, பூச்சி, மண் என்று விவசாயத்தில் ஆயிரம் காரணம் இருக்கிறது, நம் பக்கம் விரல் வராது என்றார். ஆபீசில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் சொன்னார். யாருக்கு வீட்டுக் கடன், யாருக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது என்று சொன்னார். எல்லாம் நிஜம்தான்.  ஆனால் அதற்காக மூட்டைகளை அப்படியே அனுப்பிவிட முடியுமா?

அந்த எண்ணை நான் மாற்றிவிட்டால், நடந்ததற்கு இருந்த ஒரே அத்தாட்சியும் போய்விடும். பிறகு விதைக்காரர்களிடம் நானே போய்ச் சொன்னாலும் காட்ட ஒன்றும் இருக்காது. சரிசெய்வதற்கு முன்னால் காட்டு என்று சின்ன வயதிலேயே ஒரு சீனியர் எனக்குச் சொல்லியிருந்தார். உடனே சரிசெய்துவிடத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். பாதி நேரம் அதற்கு மறைத்துவிடுவது என்றுதான் அர்த்தம்.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும், இருட்டிய பிறகு வாயில் ஒன்றும் போடமாட்டோம். ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், ஐந்து மணிக்கு நான் கிளம்பிவிடுவேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும் மேடம், கிளம்புங்கள், மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று ரொம்ப அன்பாகச் சொன்னார். நான் போனதும் அவரே பாஸ்கரை விட்டு மாற்றச் சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். பட்டினி கிடந்தால் செத்துவிடமாட்டேன் சார் என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். குழுவின் தலைவியைக் கூப்பிடப் போனை எடுத்தேன்.

"போன் பண்ணீங்கன்னா நாளையிலிருந்து ஆபீசுக்கு வர வேணாம்," என்றார்.

அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அழைத்தேன்.

குழுவின் தலைவி தனலட்சுமி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பி.காம். படித்தவர், வல்லத்தில் உரக்கடை வைத்திருந்தார். இந்தக் கொட்டகைக்காகத் தாலுகா ஆபீசிலிருந்து சொந்த மாமனார் வரைக்கும் சண்டை போடாத ஆள் கிடையாது. அவருடைய கொல்லையும் உழுது கிடந்தது. நான் நடந்ததைச் சொன்னேன், யார் செய்தார்கள் என்று மட்டும் சொல்லவில்லை, எங்கள் ஆபீஸ் செய்தது என்றேன். திரையைக் காட்டினேன். எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று கேட்டார், சொன்னேன். மூட்டைகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், செத்துப்போச்சா?"

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னு சொல்லத்தான் இவ்ளோ தூரம் வரச்சொன்னீங்களா?"

"ஆமா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம்தான், ஆனால் கத்தவில்லை. போனை எடுத்து, காலையில் வர வேண்டிய வண்டிகளை வேண்டாம் என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் உச்சவரம்பைப் பழைய எண்ணுக்கு இறக்கினேன், அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு.

மூட்டைக்கு ஒரு கைப்பிடி எடுத்து உடைத்து, பருப்பை ஈரச் சாக்கில் சுருட்டி, எந்த மூட்டை என்று எழுதிக் கட்டி வைத்தார்கள். முளைக்கிறதா இல்லையா என்று தெரிய நாலைந்து நாளாவது ஆகும். அந்த நாட்கள் எனக்கு லேசாகப் போகவில்லை. தினமும் கொட்டகைக்குப் போனேன், தினமும் திட்டு வாங்கினேன். ஈரம் போவுது, ஈரம் போவுது என்று ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். மண் காய்ந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு நாள் வெயிலும் அவர்கள் வயிற்றில் அடித்தது. விதை நன்றாக இருந்தால் இந்தத் தாமதத்துக்கு நான்தான் காரணம். அது தெரிந்துதான் போனேன். 

இதற்கு நடுவில் ஆபீசும் இருந்தது. மறுநாள் காலையில் வழக்கம்போல் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். வர வேண்டாம் என்று சொன்னேனே என்றார் முதலாளி. எழுத்தில் கொடுங்கள் சார், காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். அவர் லெட்டர் பேடை எடுத்து என் பெயரை எழுதினார். பேனா அதற்கு மேல் நகரவில்லை. என்ன எழுதுவார்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தத் தாளை மேசை டிராயரில் போட்டார். அது அங்கேயே கிடந்திருக்கும். நான் அதற்குப் பிறகு பல வருடம் அதே நாற்காலியில் வேலை பார்த்து, வயதாகித்தான் ஓய்வு பெற்றேன். உங்களையும் யாராவது அப்படி மிரட்டினால், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். ராஜினாமா மட்டும் எழுதிவிடாதீர்கள். தப்பு செய்யாதவர்கள் எதற்காக வெளியே போக வேண்டும்?

பாஸ்கரை வல்லம் பக்கமே போகக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். போனால் நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று காரணம் சொன்னார். பாஸ்கர் தலையை ஆட்டிவிட்டு, அந்த நாட்கள் முழுக்க என் கண்ணைப் பார்க்காமல் வேலை செய்தான். நானும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. அவன் வயதுக்கு அவனே யோசிக்கட்டும் என்று இருந்தேன்.

சாக்குகளைப் பிரிக்கிற அன்று கொட்டகை நிறைய ஆட்கள். தார்ப்பாயை விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். முதல் சாக்கில் வெள்ளை வெளேரென்று முளை. அடுத்ததிலும் முளை. ஒரு பெரியவர் என்னைப் பார்த்து முறைத்தார், இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று. எனக்குக் காது சூடாகிவிட்டது. இன்னும் சில சாக்குகள் அதே மாதிரி. பிறகு ஒரு சாக்கைப் பிரித்தபோது நாற்றம் வந்தது. பருப்பு ஊதிப்போய், கொழகொழவென்று, ஒன்றில்கூட முளை இல்லை. அடுத்ததும் அப்படி. ஒரு தொட்டியில் காய்ந்தது பிழைத்திருந்தது, இன்னொரு தொட்டியில் காய்ந்தது மொத்தமாகச் செத்திருந்தது.

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. மண்ணுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து வந்த அழுகையா, செத்ததைப் பார்த்து வந்த அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை. அங்கே யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவர்கள் விதை செத்துக் கிடக்கிறது. கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போடுங்கள் என்று ஒருவர் கத்தினார். இந்தம்மாதான் அதை எழுதினது என்று இன்னொருவர் என்னைக் கை காட்டினார். எழுதியது நான்தான் என்றேன். நகராமல் அங்கேயே நின்றேன்.

அப்போதுதான் பைக் சத்தம் கேட்டது. பாஸ்கர் வண்டியை நிறுத்திவிட்டு நேராகக் கூட்டத்துக்குள் வந்தான்.

"மேடம் ஊர்லயே இல்லைங்க. நான்தான் மாத்தனேன்," என்றான்.

கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. அவனை அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். தனலட்சுமி இரண்டு பேரைக் கையால் ஒதுக்கிவிட்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றார். ஏன் மாற்றினாய் என்று கேட்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். மழை, லாரி, மில்காரர், முதலாளி போன் என்று அவனிடம் காரணங்கள் தயாராக இருந்திருக்கும்.

"அது உள்ள இருக்கிற சமாசாரம், வெளி ஆளு தொடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"தடுப்பு எதுனா வெச்சிருந்தாங்களா?"

"கெடையாதுக்கா. கூட ஒரு கோலன் வெச்சா வுட்டுரும்."

"தடுப்பு இல்லன்னா தொட்டுடுவியா?"

 அவனுக்காக நான் பேசியிருக்கலாம். நல்ல பையன், அவசரத்தில் செய்துவிட்டான் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. தனலட்சுமியும் விடவில்லை. அவருக்குப் பின்னால், பிழைத்த மூட்டைகளை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோருக்குமே குறைச்சலாகத்தான் வரும். செத்ததை எண்ணெய் மில்லுக்குத் தள்ள வேண்டியதுதான் என்று யாரோ சொன்னார்கள். செக்குக்கு உயிர் தேவையில்லை. இத்தனையும் காதில் விழ, அவர் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.

"இனிமே கேட்டுட்டுத்தான் தொடுவேன்க்கா," என்றான் கடைசியில்.

"கேட்டு, கூடாதுன்னு சொன்னா?"

"தொடமாட்டேன்."

அவர் அந்த மூட்டையைப் பிடி என்று கை காட்டினார். பாஸ்கர் குனிந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். வண்டி நிறையும் வரைக்கும் தூக்கினான். அனந்தபுரத்து ஆள் ஒருவர் அவனோடு பேசவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனால் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார்.

தொட்டிக்குத் தனித்தனி வரம்பு வைக்கிற ஃபங்ஷனை அடுத்த வாரமே எழுதி எக்ஸ்போர்ட் செய்தேன். எண்ணெய் மில்காரருக்கு வேண்டியது ஒரு கோலனிலேயே கிடைத்துவிட்டது. கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். பயிற்சிப் பாடத்தில் அந்தக் கோட்டைப் படத்தை எடுத்த இடத்தில் என்ன போடலாம் என்று என்னைக் கேட்காதீர்கள், ஒன்றும் போடாதீர்கள். சிலர் வந்து, மேடம், உச்சவரம்பை யாரும் தொட முடியாதபடி எதையாவது செய்து மறைத்துவிடலாமே என்று இப்போதும் சொல்கிறார்கள். மாட்டேன் என்கிறேன். உலர்த்தி பேக்கேஜுக்குள் அந்தப் பெயர் அதே இடத்தில்தான் இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்யவில்லை, பூட்டும் போடவில்லை. ரெண்டு கோலன் போட்டால் உங்களுக்கும் கிடைக்கும்.